சாமி சீரியல் சந்தேகங்கள்: வாசகர் கேள்விகளுக்கு அக்கா பதில்

போன இதழ்ல "புராண சீரியல் பத்தி மனசுல இருக்கற கேள்விய அனுப்புங்க"ன்னு ஒரு வரிதான் போட்டோம், வைபர்ல வந்து குவிஞ்சிடுச்சு. ரங்கூன், பெகு, மோல்மேன், தட்டோன்னு எல்லா பக்கமும் இருந்து எழுதியிருக்கீங்க, ரெண்டு மூணு பேர் கைப்பட கடுதாசியே போட்டிருக்காங்க. ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன், பேர் போட வேணாம்னு பலபேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

காலைல மொகிங்கா சாப்பிட்டுட்டு ராமாயணம் பாக்க உக்காந்தா மாமியார் திட்டுறாங்க அக்கா. மீன் சாப்பிட்ட வாயோட ராமரப் பாக்கக்கூடாதாம். அப்படி ஏதாவது இருக்கா? (தாமுவே வாசகி)

உங்க மாமியார் சும்மா சொல்லலம்மா, அதுக்குப் பின்னாடி ஒரு பழக்கமே இருக்கு. ராமானந்த் சாகரோட ராமாயணம் 1987 ஜனவரி 25ஆம் தேதி தூர்தர்ஷன்ல ஆரம்பிச்சப்ப, இந்தியாவுல ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சிட்டு வந்து, டிவிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, செருப்ப வாசல்ல விட்டுட்டு உக்காந்து பாத்தவங்க ஏராளம். ராமரா நடிச்ச அருண் கோவிலயும் சீதையா நடிச்ச தீபிகாவையும் வெளில எங்கயாவது பாத்தா கால்ல விழுந்திருக்காங்க. அந்த தலைமுறைக்கு அது பொழுதுபோக்கு இல்ல, பூஜை. பூஜைல உக்காரும்போது என்ன சுத்தம் பாப்பாங்களோ அதத்தான் மாமியார் உங்ககிட்ட எதிர்பாக்கறாங்க.

ஆனா மீனுக்கும் ராமருக்கும் ஆகவே ஆகாதுன்னு யாராவது சொன்னா கம்பராமாயணத்துல குகன் வர்ற இடத்த அவங்களுக்கு சொல்லுங்க. கங்கைக்கரைல ராமரப் பாக்க வர்ற குகன் என்ன கொண்டு வர்றான் தெரியுமா, தேனும் மீனும். பக்கத்துல ரிஷிங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, இவன் மீன நீட்டுறான். ராமர் முகம் சுளிக்கல, அன்போட கொண்டு வந்ததால இது புனிதமானது, நாங்க சாப்பிட்ட மாதிரிதான்னு சிரிச்சிட்டே சொல்றார். இத மாமியாருக்கு பக்கத்துல உக்காந்து மெதுவா சொல்லுங்க, சண்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. அவங்க வருத்தப்படுவாங்கன்னா மொகிங்காவ சீரியல் முடிஞ்சப்புறம் சாப்பிடுங்க, ஒண்ணும் கொறஞ்சிடாது.

லட்சுமணன் கோடு போட்டதத் தாண்டினதாலதான் சீதைக்கு அந்த கதி வந்துச்சுன்னு சீரியல் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் பொண்ணுங்களுக்கு புத்தி சொல்றார். அது நெஜமாவே ராமாயணத்துல இருக்கா? (பெகு)

வால்மீகில இல்ல. கம்பர்லயும் இல்ல. வால்மீகில லட்சுமணன் கெளம்பும்போது வனதேவதைகள் உங்களக் காப்பாத்தட்டும்னு சொல்லிட்டு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறான், அவ்வளவுதான். துளசிதாசர் கூட அந்த எடத்துல கோடு பத்தி பேசறதில்ல, ரொம்ப பின்னாடி லங்கா காண்டத்துல மண்டோதரி ராவணனப் பாத்து, ராமனோட தம்பி போட்ட சின்ன கோட்டையே உங்களால தாண்ட முடியலயேன்னு கேக்கற மாதிரி ஒரு வரி வருது. அங்க பாருங்க, தாண்ட முடியாம நின்னது ராவணன், கேள்வியும் அவனப் பாத்துதான். வங்காளம் மாதிரி மத்த மொழி ராமாயணங்கள்லயும் நாடகங்கள்லயும்தான் அந்தக் கோடு பெருசாச்சு, அங்கேருந்து டிவிக்கு வந்துடுச்சு.

நம்ம கம்பர் அந்த எடத்துல பண்ணதே வேற. வால்மீகில ராவணன் சீதைய கூந்தலப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறான். கம்பருக்கு அத எழுத மனசு வரல போல, அவர் ராவணன் சீதையத் தொடவே விடல, பர்ணசாலையோட சேர்த்து கீழ இருக்கற மண்ணையும் பேர்த்து அப்படியே தூக்கிட்டுப் போனான்னு பாடிட்டார். சாகர் ராமாயணத்துல ஆரம்பத்துல எந்தெந்த ராமாயணத்துலேருந்து எடுத்தோம்னு பட்டியல் போடுவாங்க, அதுல கம்பராமாயணம் பேரும் இருக்கும். பட்டியல்ல பேர் இருக்கு, ஆனா இந்தக் காட்சிய எடுத்துக்கல. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதச் சொல்லுங்க. பொண்ணுங்களுக்கு சொல்ல வேண்டிய புத்தி அதுல ஒண்ணும் இல்ல, ஊர்ல சாமியார் வேஷம் போட்டு வர்றவன நம்பாதேன்னு வேணா பசங்களுக்கும் சேர்த்து சொல்லலாம்.

பிள்ளையார் அண்ணனா முருகன் அண்ணனா? மகாதேவ் சீரியல்ல முருகன மூத்தவரா காட்டுறாங்க, பிள்ளைங்க குழம்பறாங்க. (மோல்மேன்)

வடக்க பல எடத்துல கார்த்திகேயன் மூத்தவர், சில பகுதில கல்யாணமே ஆகாதவர்னு கும்புடறாங்க. அந்த சீரியல் 2011லேருந்து 2014 வரைக்கும் ஹிந்தில எடுத்தது, தமிழ்ல சிவம்னு டப் ஆகி வந்துச்சு, அதனால அந்த வழக்கத்தோட வருது. நமக்கு பிள்ளையார்தான் அண்ணன், கந்தபுராணத்துல தம்பி வள்ளியக் கட்டிக்க யானையா வந்து ஒத்தாசை பண்ணதும் அவர்தான். பிள்ளைங்களுக்கு ரெண்டையும் சொல்லுங்க, நம்ம வீட்டுல இப்படித்தான்னும் சொல்லுங்க.

திரௌபதி மட்டும் அன்னிக்கு "குருடன் மகனும் குருடு"ன்னு சிரிக்காம இருந்திருந்தா பாரதப் போரே வந்திருக்காதுன்னு எங்க தெருவுல எல்லாரும் பேசறாங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க அக்கா? (சிரியம், தட்டோன், அப்புறம் ரங்கூன்லேருந்து நாலஞ்சு பேர்)

இந்தக் கேள்விதான் அதிகமா வந்துச்சு, இதுக்குத்தான் நான் கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

பி.ஆர். சோப்ராவோட மகாபாரதத்துல அந்த வசனம் வந்து பெரிய பேர் வாங்கிடுச்சு, அதுக்கப்புறம் அதுதான் பாரதம்னே எல்லாரும் நம்பிட்டோம். வியாசர்ல சபாபர்வத்துல என்ன இருக்குன்னா, துரியோதனன் மயன் கட்டின மண்டபத்துல சுத்திப் பாக்கறான், பளிங்குத் தரைய தண்ணின்னு நெனச்சு வேட்டிய தூக்கறான், அப்புறம் நெஜ தண்ணிய தரைன்னு நெனச்சு உள்ள விழுந்துடறான். பீமன் சிரிக்கறான், அர்ஜுனனும் நகுல சகாதேவனும் சிரிக்கறாங்க. தருமர் மாத்து துணி குடுத்து அனுப்பறார். அந்த எடத்துல திரௌபதி வர்றதே இல்ல. ஊருக்குத் திரும்பினப்புறம் துரியோதனன் அப்பாகிட்ட போய் புலம்பும்போது, திரௌபதியும் பொம்பளைங்களும்கூட சிரிச்சாங்கன்னு சேர்த்துச் சொல்றான். அதுவும் அவன் வாய்ல வர்றது. குருடன் மகன் குருடுங்கற பேச்சு அதுல கெடையாது.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், சின்ன விஷயம் இல்லீங்க. அந்த ஒரு வசனத்த அவ வாய்ல வெச்சதும் கதையோட பாரமே திரும்பிடுது. நாலு ஆம்பளைங்க சிரிச்சது மறந்துபோச்சு, சூதாட உக்காந்த தருமர் மறந்துபோச்சு, காய் உருட்டின சகுனி மறந்துபோச்சு, வாயத் தொறக்காம உக்காந்திருந்த பெரியவங்க மறந்துபோச்சு, கடைசில எல்லாம் ஒரு பொம்பள சிரிச்சதால வந்த வினைன்னு தெருவுல பேசறோம். எனக்கு இது மனசு வலிக்குது. ஏன்னா இவ நமக்கு கதைல வர்ற ராணி மட்டும் இல்ல, அம்மன். தமிழ்நாட்டுல செஞ்சி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக்கூத்து நடத்தி, கடைசி நாள் படுகளம்னு வெப்பாங்க. மண்ணால துரியோதனன ஊரே பாக்கற மாதிரி பெருசா படுத்த வாக்குல செஞ்சு, பீமன் வேஷக்காரர் அந்தத் தொடைல அடிக்க, திரௌபதி வேஷம் கட்டினவர் வந்து அத்தன நாள் விரிச்சுப்போட்ட கூந்தல அங்கதான் முடிவார். அன்னிக்கு சாயங்காலம் தீமிதி. நம்ம பர்மாவுலயும் மாரியம்மன் காளியம்மன் கோயில்ல மஞ்சத்துணி கட்டி பூக்குழி எறங்கறோமே, அந்த நெருப்பு மேல நமக்கு இருக்கற பயபக்தி எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அப்படிப்பட்டவள வாய்த்துடுக்கு பிடிச்ச பொண்ணா பிள்ளைங்க மனசுல பதிய விடலாமா.

சரி, அவ நெஜமாவே சூதாட்டம் நடந்த அன்னிக்கு சபைல என்ன பேசினா? அதத்தான் நீங்க வீட்டுல சொல்லணும். கூட்டிட்டு வரச்சொல்லி முதல்ல அனுப்பினது ஒரு தேர்ப்பாகன. அவ அழுதுட்டு ஓடல, அவன திருப்பி அனுப்பறா, போய் சபைல கேளு, தருமர் முதல்ல தன்னைத் தோத்தாரா இல்ல என்னைத் தோத்தாரான்னு. தன்னையே தோத்துட்டவனுக்கு இன்னொருத்தர பணயம் வெக்க என்ன உரிமை? அப்புறம் துச்சாதனன் கூந்தலப் பிடிச்சு இழுத்துட்டு வர்றான், ஒத்தத்துணியோட, வீட்டுக்குத் தூரமா இருக்கற நேரத்துல. அந்த நெலமையிலயும் அதே கேள்விய சபைல நின்னு கேக்கறா. பீஷ்மர் தர்மம் ரொம்ப நுட்பமானதும்மா, என்னால தெளிவா சொல்ல முடியலன்னு நழுவறார். துரியோதனன் தம்பிகள்ல விகர்ணன் ஒருத்தன்தான் எழுந்து இது தப்புன்னு சொல்றான், அவனையும் கர்ணன் அடக்கிடறான். அவ கேள்விக்கு அந்த சபைல யாருமே நேரா பதில் சொல்லல.

அதுக்கப்புறம் வர்றது இன்னும் பெருசு. திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் கேளுங்கறான். முதல் வரத்துல தருமர விடுவிக்கறா. ரெண்டாவதுல மத்த நாலு பேரையும் ஆயுதத்தோட தேரோட விடுவிக்கறா. மூணாவது கேளுன்னா, வேணாம், க்ஷத்திரியப் பெண் ரெண்டு வரத்துக்கு மேல கேக்கக்கூடாது, இனி இவங்க பாத்துக்குவாங்கன்னு நிறுத்திடறா. அவள அவ்வளவு பேசின கர்ணனே, மூழ்கிக்கிட்டிருந்த பாண்டவர்களுக்கு பாஞ்சாலி ஓடமா வந்தான்னு சொல்றான். சீரியல்ல சேலை நீளுற காட்சிக்கு எத்தன நேரம், எத்தன பாட்டு, எத்தன மின்னல், இந்த வரம் கேக்கற எடத்துக்கு அதுல பாதி குடுத்திருந்தாகூட நம்ம பொண்ணுங்க வேற மாதிரி பாத்திருப்பாங்க. கண்ணன் வந்து காப்பாத்தினத நான் கொறச்சு சொல்லல, அது பக்தி, அது இருக்கட்டும். அவ மூளையும் வாயும் அன்னிக்கு அஞ்சு பேர காப்பாத்துச்சுங்கறதையும் சேர்த்து சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.

அரவான் களப்பலி பத்தி எங்க தாத்தா சொல்லுவார். எந்த சீரியல்லயும் அத ஒழுங்கா பாத்த ஞாபகம் இல்ல. அது கட்டுக்கதையா? (பசுண்டான் தம்பி ஒருத்தர்)

தாத்தா சொன்னது தமிழ் பாரதம், தம்பி. வியாசர்ல அரவான், அதாவது இராவான், அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பொறந்தவன், போர்ல எட்டாம் நாள் அலம்புசன்ங்கற ராட்சசன் கையால சாவான். நம்ம பக்கம் அவன் போருக்கு முன்னாடியே பாண்டவர் ஜெயிக்கறதுக்காக காளிக்கு தன்னையே பலி குடுக்கறான், கண்ணன் மோகினியா வந்து அவனக் கல்யாணம் பண்ணி மறுநாள் தாலி அறுக்கறார். கூவாகத்துல சித்திரை மாசம் திருநங்கைகள் தாலி கட்டிக்கிட்டு அழறது அந்தக் கதைக்குத்தான். வடநாட்டு சீரியல் எழுதறவங்களுக்கு அது வீட்டுக்கதை இல்ல, நமக்கு வீட்டுக்கதை. தாத்தா இன்னும் இருக்காருன்னா உடனே போன எடுத்து அவர் சொல்றத ரெக்கார்ட் பண்ணிடுங்க, தள்ளிப்போடாதீங்க, அந்தக் கதைய அவர் சொல்ற மாதிரி சொல்ல அடுத்த ஆள் கெடைக்க மாட்டாங்க.

பழைய மகாபாரதம் நல்லதா, விஜய் டிவில வந்தது நல்லதா? வீட்டுல பெரியவங்க கேசட்ல பாத்ததுதான் உசத்தின்னு சாதிக்கறாங்க. (மாண்டலே)

பழசுன்னா 1988 அக்டோபர் 2லேருந்து 1990 ஜூன் 24 வரைக்கும் வந்த 94 எபிசோட் கதை. புதுசு ஸ்டார் பிளஸ்ல 2013ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் முடிஞ்சது, கிட்டத்தட்ட தெனமும் வந்ததால 267 எபிசோட், அதோட தமிழ் டப்பிங்தான் விஜய்ல வந்துச்சு. பழசுல அம்பும் அம்பும் ஆகாசத்துல மோதறத பாத்தா இப்ப உள்ள பசங்க சிரிக்கும், ஆனா வசனத்துக்கு பக்கத்துல எதுவும் நிக்க முடியாது. எழுதினவர் ராஹி மாசூம் ரஸா, உருது எழுத்தாளர், முஸ்லிம். காலமே கதை சொல்ற மாதிரி ஒரு குரல் வரும் பாருங்க, ஆளே தெரியாது, வெறும் குரலும் சுத்தற சக்கரமும்தான், அதுக்கு மேல என்ன வேணும். பீஷ்மர் அம்புப்படுக்கைல படுத்து பேசறதெல்லாம் அவசரமே இல்லாம ஓடும்.

புதுசுல அழகு இருக்கு, உடை இருக்கு, பாட்டு இருக்கு. ஒரு சேதி வந்தா சபைல இருக்கற ஒவ்வொரு முகத்தையும் மூணு தடவ காட்டறது எனக்குப் பிடிக்கல. ஆனா சகுனியும் கர்ணனும் நல்லா பண்ணியிருந்தாங்க, அதுல அர்ஜுனனா வந்த ஷாஹீர் ஷேக்குக்கு இந்தோனேசியாவுல கூட்டம் அலைமோதுச்சு. என்னக் கேட்டா பெரியவங்க பழச பாக்கும்போது பிள்ளைங்க கூட உக்காரட்டும், பிள்ளைங்க புதுச பாக்கும்போது பெரியவங்க உக்காரட்டும். தனித்தனி ரூம்ல தனித்தனி போன்ல பாக்கறதுதான் எனக்கு கவலையா இருக்கு.

பள்ளிக்கூடத்துல பர்மீஸ் ஃப்ரெண்ட்ஸ் ராமாயணம் எங்களோடது, யாமா ஸாடோ, நீங்கதான் காப்பி அடிச்சிட்டீங்கன்னு கிண்டல் பண்றாங்க. என்ன சொல்லட்டும்? (கமாயுட், ஒரு தங்கச்சி)

சண்டை போடாத தங்கச்சி, அவங்களோடதும்தான். 1767ல பர்மா படை அயுத்தயாவ, அதாவது சயாம் (இப்ப தாய்லாந்து) ராஜ்யத்தோட தலைநகர புடிச்சப்ப அங்க இருந்த ஆட்டக்காரங்களையும் பாட்டுக்காரங்களையும் இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க, அவங்களோட வந்ததுதான் யாமா ஸாடோங்கற அந்த ராமாயண நாடகம். 1789ல அரண்மனைலேயே ஒரு குழு போட்டு சயாம் நாடகங்கள மொழிபெயர்த்தாங்க, மியாவடி மிஞ்சி ஊ சாங்கற மந்திரிதான் அத பர்மீஸ் பாட்டோட நாடகமா ஆக்கினார். ராமர் யாமா, சீதை தீடா, லட்சுமணன் லெக்கனா, ராவணன் தத்தகிரி. இங்க ராமர போதிசத்துவரா, அதாவது புத்தராகப் போறவரா பாக்கறாங்க. புத்தரோட முன்ஜென்மக் கதைகளான ஜாதகக் கதைகள்லயும் ராமர் கதை இருக்கு, 461வது தசரத ஜாதகம், அதுல ராவணனே கெடையாது. ஒரு தடவ ஃப்ரெண்ட்ஸோட போய் அந்த முகமூடி ஆட்டத்த பாரு, பச்சை முகத்தோட யாமா வில்லு பிடிச்சு நிக்கற நெலைய பாத்தா உனக்கே கை கூப்பத் தோணும்.

அவங்களுக்கு நீ ஒரு சேதி சொல்லலாம். பகான்ல ஒரு தமிழ்க் கல்வெட்டு கெடைச்சிருக்கு, 13ஆம் நூற்றாண்டு. மலைமண்டலத்து வியாபாரி ஒருத்தர், அதாவது இப்ப கேரளா இருக்கற பக்கம், பகான்ல இருந்த விண்ணகரத்துக்கு, பெருமாள் கோயிலுக்கு, மண்டபம் கட்டி கதவு போட்டு விளக்கும் வெச்சதா அதுல எழுதியிருக்கு. நட்லாங் சாவுங் கோயில் இன்னிக்கும் அங்க நிக்குது, விஷ்ணு கோயில், அவதார சிற்பங்கள்ல சிலது இன்னும் இருக்கு. பள்ளிக்கூடத்துல சுற்றுலா போனா பகான்ல அத தேடிப் பாரு, ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிட்டுப் போ.

பேரனுக்கு எட்டு வயசு. வெளில எல்லாம் பர்மீஸ்தான், தமிழ்னு கேட்டா சீரியல் ஒண்ணுதான். இப்ப "பாட்டியாரே, எனக்கு பசிக்கின்றது"ன்னு சீரியல் பாஷைல பேசறான், மத்தவங்க சிரிக்கறாங்க. டிவிய நிறுத்திடலாமான்னு யோசிக்கறேன். (பெகு, ஒரு பாட்டி)

நிறுத்தவே நிறுத்தாதீங்கம்மா! சிரிக்கறவங்கள அதட்டுங்க. 1960கள்ல பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் நம்ம பிள்ளைங்க தமிழ் படிக்க லீவுல கோயில்ல நடக்கற வகுப்ப விட்டா வேற வழி கெடையாதுன்னு உங்களுக்குத் தெரியாததா. உங்க பேரன் வாய்ல "பசிக்கின்றது"ன்னு முழுசா ஒரு தமிழ் வாக்கியம் வருது, அது சாதாரணம் இல்ல. நீங்க பதிலுக்கு "வாடா ராசா, சோறு போடறேன்"னு நம்ம வீட்டுத் தமிழ்ல சொல்லிக்கிட்டே இருங்க, ரெண்டும் பழகிடும்.

ஒண்ணு செஞ்சு பாருங்க. யூடியூப்ல போடும்போது ஒரு காட்சி முடிஞ்சதும் நிறுத்திட்டு, இப்ப அனுமார் என்ன சொன்னாருன்னு கேளுங்க, அவன் பர்மீஸ்ல சொன்னாலும் பரவால்ல, நீங்க அத தமிழ்ல திருப்பிச் சொல்லுங்க. கரண்ட் போற நேரம் இருக்கே, அதுதான் உங்க நேரம், அடுத்து என்ன நடக்கும்னு அவன் துடிச்சுக்கிட்டு இருப்பான், அப்ப நீங்க குகன் மீன் கொண்டு வந்த கதைய, அரவான் கதைய சொல்லுங்க. வர்ற மார்ச்ல பள்ளிக்கூட லீவு விட்டதும் கோயில் தமிழ் வகுப்புல பேர் குடுத்துடுங்க, முதல் நாள் எழுத அனுமான்ங்கற பேரையே குடுக்கச் சொல்லி வாத்தியார்கிட்ட கேளுங்க, அ எழுதக் கத்துக்க அத விட நல்ல பேர் அவனுக்கு இருக்காது.